ஒரு ஷில்லிங் கொடுத்த அண்ணன்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"நன்றாகப் படியுங்கள்" என்று சொல்ல இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். பாலம் கடந்து சிங்கப்பூரிலிருந்து வந்த நான், தெருவில் நின்று அறிவியல் பேசிய கதையைச் சொல்கிறேன்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. வளையச் சூரிய கிரகணம். கோவை, திண்டுக்கல் பக்கம் காலை ஒன்பதரை மணியளவில் கடந்த அதே நிழல், கடல் தாண்டி நம் நேரப்படி பகல் 1:24 மணிக்குச் சிங்கப்பூருக்கு வந்தது. உங்கள் ஜொகூரின் தென்முனை தஞ்சோங் பியாயிலும் விழுந்தது.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில், ஊசித்துளை போட்ட அட்டையோடு நின்றேன். சாப்பாட்டு நேரம். பொட்டலத்தோடு கட்டுமானத் தொழிலாளர்களும், காய்கறி வாங்க வந்த அம்மாமாரும் கூடினார்கள். நான் "புவிக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட தொலைவானது..." என்று தொடங்கினேன். பாதிப்பேர் நழுவிவிட்டார்கள்! குற்றம் என்னுடையதுதான்.

பிறகு கடையில் ஒரு சாப்பாட்டுத் தட்டை இரவல் வாங்கித் தூணில் சாய்த்துவைத்து, ஒரு தம்பி கையில் பத்துக்காசு கொடுத்தேன்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு, காசைக் கண்ணுக்குக் கிட்டே பிடிங்க. தட்டு தெரியுதா?"

"தெரியலிங்க."

"கொஞ்சம் தள்ளிப் பிடிங்க."

"ஓரம் மட்டும் வட்டமாத் தெரியுது!"

பாடம் முடிந்தது. சூரியன் சந்திரனைவிடக் குறுக்களவில் ஏறத்தாழ 400 மடங்கு பெரிது; தொலைவிலும் ஏறத்தாழ 400 மடங்கு. ஆகவே இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவு. சந்திரன் சற்றுத் தள்ளியிருக்கும் காலத்தில் முழுவதும் மறைக்க முடியாமல் ஓரம் மிஞ்சுகிறது. அதுதான் வளையம்.

அப்போது ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, என் மருமக மாசமா இருக்கா. வெளியே வரலாமா?"

சிரிக்கக்கூடிய கேள்வியா அது? அவருக்கு அது பேரப்பிள்ளை விஷயம். "வெறுங்கண்ணாலே சூரியனைப் பார்த்தா யாருக்கும் கண் கெடும்மா, எனக்கும்தான். நிழல் மேலே பட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. தினமும் கட்டட நிழல்லே நடக்கிறோமே" என்றேன். பேசாமல் போய்விட்டார்.

வளையம் கூடச் சில நிமிடங்களே இருந்தபோது, மருமகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். இலைகளின் இடுக்கெல்லாம் ஊசித்துளையாகி, நடைபாதை முழுக்க வளையல் வளையலாய் வெளிச்சம்! இரண்டே நிமிடம். அந்தப் பெண் உள்ளங்கையை நீட்டி ஒரு வளையத்தை ஏந்திக்கொண்டது.

இப்படிப்பட்ட பேச்சு என்ன செய்யும் என்பீர்கள். லண்டனில் மைக்கேல் ஃபாரடே, கொல்லர் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்ற பையன். 1810இல் டேட்டம் என்பவர் தம் வீட்டில் அறிவியல் பேச்சு நடத்தினார். ஒரு பேச்சுக்கு ஒரு ஷில்லிங். பையனிடம் காசில்லை. பட்டறையில் உழைத்த அண்ணன் ராபர்ட் கொடுத்தார். 1812இல் டேவியின் பேச்சுகளையும் கேட்டுக் குறிப்பெடுத்து, தானே கட்டி அவருக்கு அனுப்பிய தம்பி, மறு ஆண்டு அவருடைய உதவியாளர். 1831இல் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று கண்டார். இந்த மேடை விளக்குக்கு மின்சாரம் தரும் மின்னாக்கி அந்த வழியில் சுழல்வதுதான். பரிசு வாங்கிய தம்பியைப் பற்றி உலகமே பேசுகிறது; எனக்கு அந்த அண்ணன்மேல்தான் ஆசை.

நீங்கள் ஷில்லிங் தர வேண்டாம். மார்ச் 24 வாக்கில் சிங்கப்பூரில் பகல் 1:10 மணியளவில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். உங்களுக்கு ஓரிரு நாள் பின்னால். பள்ளித் திடலில் ஒரு கம்பு நட்டுவையுங்கள். அதன் நிழல் காலடியிலேயே காணாமற்போகும். ஏன் என்று கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல நானே வருகிறேன். பஸ் காசு என்னுடையது.