ஒரே நகரம், இரண்டு மழை

(முலுண்டில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸ் மழைமானியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. கொலாபாவில் பதிவானதோ 73 மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மாநகர் முழுமைக்கும் ஒரே மழைக்கணக்கு என்பது எத்தகைய ஏமாற்று என்பதை அந்நாள் காட்டிற்று. அன்று மும்பையில் டாப்ளர் ராடார் கிடையாது.

மழைமானி தான் நிற்கும் இடத்து மழையை மட்டுமே அளக்கும். மானிகளுக்கு இடைப்பட்ட வெளியைக் காண்பது ராடார். அது அனுப்பும் அலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகிறது. அந்த எதிரொலியின் வலிமையிலிருந்து மழையின் வேகம் கணிக்கப்படுகிறது. சிக்கலும் அங்கேதான். துளியின் விட்டம் இரு மடங்கானால் அதிலுள்ள நீர் 8 மடங்காகும்; எதிரொலியோ 64 மடங்காகும். சில பெருந்துளிகளே கணக்கைப் புரட்டிவிட வல்லவை. 1948இல் மார்ஷலும் பாமரும் வகுத்த சூத்திரம் கனடாவின் மழையில் பிறந்தது. நம் பருவமழைக்கு அதை உள்ளூர் மானிகளோடு ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும்.

மேலும், தொலைவு செல்லச் செல்ல ராடாரின் கதிர் தரையைவிட்டு உயர்ந்துவிடும். குன்றுகளும் அதை மறைக்கும். முலுண்டின் மேற்கே தேசியப் பூங்காவின் குன்றுகள் நிற்பதை அனைவரும் அறிவர். எனவே ஒரு ராடார் போதாது. கொலாபா ராடாருக்குத் துணையாக வேராவலியில் இரண்டாவது ராடார் வந்தது 2022 ஜனவரியில், பெருவெள்ளம் வந்துபோய்ப் பதினாறு ஆண்டுகள் கழிந்த பிறகு!

விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீர் மித்தி ஆறாகி, தாராவியின் ஓரமாக மாஹிம் கழிமுகத்தை அடைகிறது. ஏரிப்பகுதியில் கொட்டும் மழை உடனுக்குடன் கணிக்கப்பட்டு, அச்செய்தி தாராவிக்கு எட்டினால், தரைத்தள வீடுகளில் உறங்குவோர் எழுந்து மேலேற நேரம் கிடைக்கும். எட்டுவதுதான் கேள்வி. 2021 ஜூலை 18 அன்று நள்ளிரவு கடந்த வேளையில் செம்பூர் பாரத் நகரில் சுவர் இடிந்து, உறங்கியவர்கள் உறக்கத்திலேயே மாண்டனர். ‘மும்பையில் கனமழை’ என்னும் பொதுவான அறிவிப்பு அந்தச் சரிவில் வாழ்பவருக்கு எதைச் சொல்லும்?

மக்கள் பணத்தில் நிறுவப்பட்ட ராடாரின் கணிப்பு வார்டு வாரியாக, மராத்தி, இந்தி, தமிழ் ஆகிய மொழிகளில், ஒலிபெருக்கி வழியே வரவேண்டும். எச்சரிக்கை வந்த இரவில் எந்தப் பள்ளி திறக்கப்படும், அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே வார்டு அலுவலகத்திடமிருந்து எழுத்தில் கேட்டுப் பெறுவது கிளைகளின் உடனடிப் பணி.