வலிக்கு ஒரு சொல்: ‘ஹர்ட்’

அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் இன்று ‘ஹர்ட்’ என்னும் சொல்லைப் பார்ப்போம். சின்னச் சொல்தான். ஆனால் நம் மாணவன் ஒருவனை ஒருநாள் திணற வைத்துவிட்டது.

அவனுடைய தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குபவர். பல மாதங்களாக முழங்கால் வலி. கிளினிக்கிற்கு மகனைத் துணைக்கு அழைத்துப் போனார். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டதும், ‘மை மதர் ஹர்ட் ஹெர் நீ’ என்றான் பையன். அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டதாக அவன் எண்ணம். டாக்டர் காதில் விழுந்ததோ, ‘அம்மா முழங்காலில் அடிபட்டுக்கொண்டார்’ என்று! எங்கே விழுந்தார், எப்போது விழுந்தார் என்று அவர் கேட்கக் கேட்க, பையன் பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பூசுமருந்தோடு வீடு திரும்பினார்கள். மாதக்கணக்கில் இருந்த வலியைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

பிழை எங்கே? ‘ஹர்ட்’ இரண்டு வேலை செய்யும் சொல். வலிக்கும் உறுப்பை முன்னால் வைத்து, ‘ஹெர் நீ ஹர்ட்ஸ்’ என்றால் முழங்கால் வலிக்கிறது. ஆளை முன்னால் வைத்து, ‘ஷி ஹர்ட் ஹெர் நீ’ என்றால் அடிபட்டுவிட்டது. பழைய பிரெஞ்சு மொழியில் மோதுதல், இடித்தல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது இது. அந்த இடி இன்னும் இதைவிட்டுப் போகவில்லை. மலாய் மொழியில் இந்தத் தொல்லை இல்லை. வலியானாலும் நோயானாலும் ‘சாக்கிட்’ என்று சொல்லிவிடுகிறோம்.

கடைசியில் வரும் ‘ஸ்’ ஒலியை விழுங்கிவிடாதீர்கள். இந்தச் சொல் இறந்த காலத்திலும் ‘ஹர்ட்’ என்றே நிற்கும். ‘ஹர்ட்டட்’ என்று ஒரு சொல் கிடையாது. ஆகவே ‘மை லெக் ஹர்ட்’ என்றால், முன்பு வலித்தது என்றே கேட்பவர் கொள்வார். இன்னொன்று, ‘ஹா’ என்று நீட்டினால் ‘ஹார்ட்’, அதாவது இதயம் ஆகிவிடும். கால்வலிக்குப் போனவர் நெஞ்சைக் காட்ட வேண்டியதுதான்!

தலை, பல், வயிறு, முதுகு இவற்றின் வலிக்கு ‘ஹெட்ஏக்’, ‘டூத்ஏக்’, ‘ஸ்டமக்ஏக்’, ‘பேக்ஏக்’ என்று தனிச் சொற்கள் உண்டு. மற்ற இடங்களுக்கு ‘ஹர்ட்ஸ்’ போதும்.

உடம்போடு இது நிற்பதில்லை. சுடுசொல் சொன்னவரை, ‘ஹி ஹர்ட் மை ஃபீலிங்ஸ்’ என்கிறார்கள். நாமும் ‘மனத்தைப் புண்படுத்திவிட்டார்’ என்கிறோம் அல்லவா? ‘இட் வோன்ட் ஹர்ட் டு ஆஸ்க்’ என்பதில் வலியே இல்லை. ‘கேட்டால் என்ன குறைந்தா போய்விடும்?’ என்பதே அதன் பொருள்.

பையனுக்கு இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தோம். ‘ஹெர் நீ ஹர்ட்ஸ். ஷி டிட் நாட் ஃபால்.’ அவள் முழங்கால் வலிக்கிறது, அவள் விழவில்லை. எத்தனை மாதமாக என்பதை விரலைக் காட்டிச் சொல்லச் சொன்னோம். மறுமுறை போனபோது டாக்டர் அந்த அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, காலை மடக்கி நீட்டிப் பார்த்தாராம்.