படாலிக் மலையும் டெல்லிக் கோப்பும்

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, நான் புத்தகத்தில் படித்ததை நீங்கள் பனியிலும் வெயிலிலும் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். தவறிருந்தால் அங்கிருந்தே குரல் கொடுங்கள்.

'நாட்டுப் பாதுகாப்புத் துறையின் நோக்கங்களும் பொறுப்புகளும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டார்கள். பத்தாம் வகுப்புக் குடிமையியல் பாடம் போல இருக்கிறது. பயப்பட வேண்டாம், நான் நம்ம திருச்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த ஊருக்குச் சொந்தமான இரண்டு பேர். ஒருவரை எல்லோருக்கும் தெரியும்: மேஜர் சரவணன். பீகார் படைப்பிரிவின் முதல் பட்டாலியன். 1999 மே 29 அன்று கார்கில் போரில், படாலிக் பகுதி மலையில் ஏறிப் போரிட்டு உயிர் கொடுத்தவர். அவர் உடலை மீட்டுக் கீழே கொண்டுவர ஜூலை ஆகிவிட்டது. அவர் நினைவிடத்தைத் தாண்டித்தான் நம்மில் பலர் தினமும் பேருந்தில் போகிறோம்.

இன்னொருவரை இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! கே. சுப்ரமணியம். 1929இல் திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, ஐ.ஏ.எஸ். தேர்வில் முதலிடம் பெற்று, டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை நெடுங்காலம் நடத்தியவர். பத்மபூஷண் கொடுத்தபோது, அரசு அதிகாரியும் பத்திரிகையாளரும் அரசு விருது வாங்கக் கூடாது என்று மறுத்தவர். கார்கில் போர் ஜூலை 26இல் முடிந்தது. 29ஆம் தேதி இவர் தலைமையில் நால்வர் குழுவை அமைத்தார்கள். 'எல்லை தாண்டிய ஊடுருவல் எப்படி நடந்தது?' என்பதுதான் அவர்கள் முன் இருந்த கேள்வி.

ஒரு திருச்சிக்காரர் மலையில் கொடுத்த விலைக்கு இன்னொரு திருச்சிக்காரர் டெல்லியில் கணக்குக் கேட்டார் என்று நான் இதைப் பார்க்கிறேன். அந்தப் போரில் இந்தியா இழந்த வீரர்கள் 527 பேர்.

குழு என்ன கண்டது? ஊடுருவலை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் மலையில் மேய்ச்சலுக்குப் போனவர்கள். உளவு அமைப்புகள் ஒவ்வொன்றிடமும் ஒரு துண்டுச் செய்தி இருந்தது. அந்தத் துண்டுகளை ஒரே மேசையில் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. இதையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறு. சுதந்திரம் வாங்கும்போது வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் பரிந்துரைத்து, அவருடைய தலைமை அதிகாரி இஸ்மே வகுத்துக் கொடுத்த பாதுகாப்பு நிர்வாக அமைப்பு 52 ஆண்டுகளாகப் பெரிய மாற்றமில்லாமல் ஓடுகிறது என்று அந்த அறிக்கை சொல்கிறது. நடுவில் 1962, 1965, 1971 என்று மூன்று போர்கள். வீட்டு மின்கம்பியைக்கூட இருபது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம்!

சரி, அந்த அமைப்பில் யாருக்கு என்ன பொறுப்பு? அரசியல் சாசனப்படி படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம். நடைமுறைப் பொறுப்பு அமைச்சரவைக்கு. அதைச் செய்துமுடிக்கப் பாதுகாப்பு அமைச்சகம். 1961ஆம் ஆண்டு அலுவல் ஒதுக்கீட்டு விதிகளில், இந்தியாவையும் அதன் ஒவ்வொரு பகுதியையும் காப்பதும் அதற்கான ஆயத்தமும் பாதுகாப்புத் துறையின் வேலை என்று இருக்கிறது. துறை என்றால் செயலாளரும் கோப்பும். சீருடைக்காரர்கள் அந்த மேசைக்கு வெளியே நின்றார்கள். தளபதி ஒரு தளவாடம் கேட்டால் அது கோப்பாகி, மேலே ஏறி, குறிப்போடு கீழே இறங்கி, மறுபடி ஏறும். கார்கிலுக்காக அவசரமாக வாங்கியவற்றில் பெரும்பாலானவை போர் முடிந்த பிறகே வந்து சேர்ந்தன என்று தணிக்கைத் துறை பிறகு எழுதியது.

சுப்ரமணியம் குழுவுக்குப் பின் வந்த அமைச்சர்கள் குழு, 2001இல், முப்படைக்கும் பொதுவாக ஒரு தலைமைத் தளபதி வேண்டும் என்றது. அந்தப் பதவியில் ஒருவர் உட்கார்ந்தது 2020 ஜனவரி 1. ஜெனரல் பிபின் ராவத். அவருக்காகவே ராணுவ விவகாரத் துறை என்று ஒன்று பிறந்தது. முப்படைகளும் அதன் பொறுப்புக்கு வந்தன. பரிந்துரைக்கும் பதவிக்கும் நடுவே கிட்டத்தட்ட பத்தொன்பது ஆண்டு. அவர் 2021 டிசம்பரில் நம் குன்னூர் மலையில் ஹெலிகாப்டர் விழுந்து மறைந்தார். அடுத்தவரை நியமிக்க ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது. அவசரம் என்ற சொல்லுக்கு டெல்லி அகராதியில் என்ன பொருளோ!

இன்று அமைச்சகத்துக்குள் ஐந்து துறைகள். பாதுகாப்பு, ராணுவ விவகாரம், உற்பத்தி, ஆராய்ச்சி, முன்னாள் படைவீரர் நலன். கடலோரக் காவல் படையும், எல்லைச் சாலைகள் போடுகிறவர்களும், பள்ளியில் நம் பிள்ளைகள் சேரும் என்.சி.சி.யும் இந்த அமைச்சகம்தான். ஆனால் எல்லையில் நிற்கும் பி.எஸ்.எஃப். உள்துறை அமைச்சகத்துக்குக் கீழ். பலருக்கு இது தெரியாது. எனக்கும் நெடுநாள் தெரியாது.

இனிப் பணம். 2025-26 பட்ஜெட்டில் இந்த அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதை நூறு ரூபாயாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 24 ரூபாய் ஓய்வூதியத்துக்கு. பின்வரிசையில் முகங்கள் மலர்கின்றன! அது உங்கள் உரிமை, அதில் கைவைக்கச் சொல்ல நான் வரவில்லை. படைகளுக்குப் புதிய விமானம், கப்பல், பீரங்கி போன்ற மூலதனச் செலவுக்கு ஏறக்குறைய 26 ரூபாய். மிச்சத்தில் பெரும்பகுதி சம்பளம், எரிபொருள், பராமரிப்பு. அந்த 26 ரூபாய்க்குத்தான் போட்டி. இமயமலையில் சீனாவைப் பார்த்து நிற்கத் தரைப்படைக்கா? இந்தியப் பெருங்கடலைக் காவல் காக்கக் கடற்படைக்கா? விமானப் படைக்கா? எல்லாமும் வேண்டும் என்று மேடையில் சொல்லிவிடலாம். 26 ரூபாய்க்குள் சொல்ல முடியாது. நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு அடுத்த ஆண்டு எத்தனை துப்பாக்கி ஆர்டர் வரும் என்பதும் அந்த முடிவில்தான் தொங்குகிறது.

எதற்கு முதலிடம் என்று முடிவு செய்ய, நாட்டின் நோக்கம் எழுத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவும் ஜப்பானும் தங்கள் தேசியப் பாதுகாப்பு உத்தியை அச்சிட்டு வெளியிடுகின்றன. யார் அச்சுறுத்தல், எதற்குத் தயாராகிறோம் என்று அவர்கள் நாட்டு மளிகைக் கடைக்காரரும் படிக்கலாம். இந்தியா அப்படி ஒன்றை இதுவரை வெளியிட்டதில்லை. நம் அமைச்சர் படைகளுக்குக் கொடுக்கும் வழிகாட்டு ஆணை ஒன்று உண்டு, அது ரகசியம். போர்த் திட்டம் ரகசியமாகத்தான் இருக்க வேண்டும். நோக்கமும் ஏன் ரகசியமாக இருக்கிறது? 1962 சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. அறுபது ஆண்டுக்கு முந்தைய முகாம்களைப் பற்றிய அந்த ரகசியத்தால் இன்று யாருக்குப் பாதுகாப்பு?

இப்படிக் கேட்டால் 'படையைக் குறை சொல்கிறாயா?' என்று ஒரு குரல் எழும். எழட்டும். சுப்ரமணியத்தைப் பார்த்தும் எழுந்திருக்கும். அவர் அறிக்கையை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். பாதுகாப்பு கருதிச் சில பகுதிகளை நீக்கினார்கள். மிச்சம் புத்தகமாகவே வந்தது. வானம் இடிந்து விழவில்லை.

நூலகச் செயலாளருக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். அந்தப் புத்தகம் ஒரு பிரதி நம் அலமாரிக்கு வரட்டும். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆளுக்கு ஓர் அத்தியாயமாகப் பிரித்துக்கொண்டால், சரவணனின் நினைவு நாளான அடுத்த மே 29க்குள் படித்து முடித்து இதே அரங்கில் தமிழில் பேசிவிடலாம். முதல் அத்தியாயம் என் பொறுப்பு. மற்றவற்றுக்குப் பெயர் கொடுக்க வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.