கறுப்புக் காகிதத்தை யார் கிழிப்பது?



கணினியைத் திட்ட வந்தவன் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு பட்டா நகலுக்காகத் தாலுகா அலுவலகப் படிக்கட்டில் என் அப்பா எத்தனை நாள் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இன்றைக்குப் புல எண்ணைத் தட்டினால் பட்டாவும் சிட்டாவும் கைப்பேசியில் வந்துவிடுகின்றன. ரேஷன் கடையில் பருப்பு இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் பையை எடுக்கலாம். நல்ல காரியம். மனமாரச் சொல்கிறேன், நல்ல காரியம்.

என் சண்டை வேறு. கார் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டுவார்களே, பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பவருக்கு நம் முகம் தெரியும். நமக்கு உள்ளே யார் என்று தெரியாது. அதை ஒட்டக் கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடுரோட்டில் நிறுத்திப் போலீஸ்காரர் கிழித்தார். அரசாங்கம் தன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதை யார் கிழிப்பது?

நம் ரேகை அரசாங்கத்திடம் இருக்கிறது. கருவிழி இருக்கிறது. வங்கிக் கணக்கு இருக்கிறது. போன வருடம் என் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். பன்னிரண்டாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: நிராகரிக்கப்பட்டது, உரிய ஆவணம் இல்லை. எந்த ஆவணம்? செய்தியில் இல்லை. யார் நிராகரித்தார்? பெயர் இல்லை. முன்பு திட்டுவதற்காவது எதிரே ஒரு குமாஸ்தா இருந்தார். இப்போது யாரைத் திட்டுவது, கம்ப்யூட்டர் பெட்டியையா?

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தையே 2025 டிசம்பரில் மாற்றிவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலுக்குத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும். இங்கே செயலிக் கதையை மட்டும் சொல்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் செயலி வழியாகத்தான் வருகைப்பதிவு என்றார்கள். காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். ஏரிக்கரையில் சிக்னல் எங்கே வரும்? பணித்தளப் பொறுப்பாளர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறுவார். பின்னாலேயே நாற்பது பெண்கள் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருப்பார்கள். படம் ஏறவில்லை என்றால் மண் சுமந்த தோளை யார் நம்புவார்கள்? கூலியே சந்தேகம்.

திருட்டை ஒழிக்கத்தான் இது என்றார்கள். ஒழிந்ததா? 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றனவாம். படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்களாம். படத்தில் இருக்கும் தலைகளும் பதிவில் இருக்கும் தலைகளும் ஒத்துவரவில்லையாம். ஆகவே ஆட்களை வைத்துப் படங்களைச் சரிபாருங்கள் என்று உத்தரவு! மனிதன் ஏமாற்றுவான் என்று இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள்; இயந்திரத்தைக் காவல் காக்க மறுபடி மனிதனைக் கூப்பிட்டார்கள்.

திருட்டை ஒழிக்க என்ன தேவை என்று ராஜஸ்தானத்து ஏழைகள் என்றைக்கோ காட்டிவிட்டார்கள். 1994 டிசம்பர் 2, பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊர். அருணா ராய், சங்கர் சிங், நிகில் டே ஆகியோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அங்கே ஊர்க்கூட்டம் போட்டது. கணினி கிடையாது. கையில் இருந்தது வருகைப்பதிவேடும் பில்லும்தான். நாம் என்எம்ஆர் என்கிறோமே, அதே பதிவேடு. அதை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி! உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, நான் வாங்கவே இல்லையே என்றார்கள். முடிந்தது. ஊரின் காதில் கணக்கு விழுந்த பிறகு எந்தச் செயலி வேண்டும்?

அந்த மக்கள்தான் கணக்கைக் காட்டு என்று 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். மறு வருடமே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு. அதில் விலக்குகள் மலிந்திருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2005இல் நாட்டுக்கே சட்டம் வந்தது. அதன் நான்காவது பிரிவை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். மக்கள் மனுப் போட வேண்டிய தேவை மிகக் குறையும் அளவுக்கு, கேட்காமலே தகவலை வெளியிடு என்கிறது அது. ராஜஸ்தான் அரசு 2019இல் ‘ஜன் சூச்னா’ தளத்தைத் திறந்தது இந்தப் பிரிவின்படிதான். ரேஷன் யாருக்குப் போனது, வேலை யாருக்குக் கிடைத்தது என்று எவரும் பார்க்க முடிந்தது. அங்கேயும் இதே கணினிதான், ஆனால் திரை மக்கள் பக்கம் திரும்பியிருந்தது.

இந்தத் தகவல் உரிமையின் மேல்தான் அடி விழுந்திருக்கிறது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பெயரைக் கேட்டால் யாருக்கும் பிடிக்கும். அதற்குள் ஒரு துணைப்பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு, பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்த விஷயத்தையோ ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவதையோதான் மறுக்க முடிந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாதாரணக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. அத்தனையும் போச்சு. தனிநபர் தகவல் என்று இரண்டு வார்த்தை எழுதினால் கோப்பை மூடிவிடலாம். என்எம்ஆரில் இருப்பது என்ன? பெயர்கள். காண்ட்ராக்டர் யார்? ஒரு பெயர். இனிமேல் கோட் கிரானாவில் எதைப் படிப்பது?

தகவல் உரிமைச் சட்டத்தில் 8(2) பிரிவு இருக்கிறதே, பொதுநலன் என்றால் கொடுக்கலாமே என்கிறது அரசுத் தரப்பு. இருக்கிறது, ஐயா. முன்பு பொதுக் காரியத்தோடு சேர்ந்த தகவல் பொதுவாக 8(1)(ஜே) விலக்குக்குள் வராது. இப்போது தனிநபர் தகவல் எல்லாமே விலக்குக்குள் போய்விட்டது. பொதுநலன் எது என்று நாம் போய் நிரூபிக்க வேண்டும். அதை முதலில் எடை போடுபவரோ, கோப்பை வைத்திருக்கும் அதே அலுவலகத்து அதிகாரி. வீட்டுச் சாவியைத் திருடனிடமே கொடுத்துவிட்டுக் கதவைத் தட்டுகிற கதை.

வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை. அடுத்த சபையில் ஒரே கோரிக்கை வைப்போம்: திட்டக் கணக்கு இணையத்தில் இருந்தால் மட்டும் போதாது. ஊராட்சிச் சுவரில் தமிழில் எழுது, சபையில் உரக்கப் படி. விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தையும் மறுத்த அதிகாரியின் பதவியையும் போட்டு அனுப்பு. தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கும்தான் கேமரா இருக்கிறதே!

மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். உங்கள் ஊராட்சிக் கணக்குக் கேட்டு இன்றைக்கே மனு எழுதலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி வைத்திருக்கிறேன். பேனா மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். போன கூட்டத்தில் கொடுத்த ஆறு பேனாவில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.