மூரித்தானியாவுக்குத் தாமே செல்வோர்க்கு
(வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலக்கணம் பற்றியும் உரைமரபு பற்றியுமே இந்த அவையில் பேசிவந்த என்னை, இம்முறை பயணம் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். 2024 ஜனவரியில் நானும் வரலாற்றுத்துறைத் தோழி ஒருவரும் மூரித்தானியா சென்று பதினெட்டு நாள் இருந்து வந்தோம். பயண நிறுவனம் எதையும் நாடவில்லை. திரும்பி வந்தபின் உங்களில் பலர் கேட்ட வினாக்களுக்கு ஒரே இடத்தில் விடை சொல்லிவிடுவதே என் நோக்கம். ஆதலின் இவ்வுரையில் அணிநயம் எதிர்பார்க்க வேண்டா.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். “மொரீஷியஸில் முருகன் கோயில் பார்த்தீர்களா?” என்று கேட்டவர்கள் பத்துப் பேருக்குக் குறையார். அது இந்தியப் பெருங்கடல் தீவு. நம்மவர் வாழும் நாடு. நான் சொல்வது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், செனகலுக்கு வடக்கே, சகாராவில் கிடக்கும் மூரித்தானியா. பரப்பில் தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. மக்களோ ஐம்பது இலட்சம் அளவில்தான். பயணச்சீட்டு வாங்கும்போதும் இதில் கவனம் தேவை. ‘எம்.ஆர்.யு.’ என்னும் மூன்றெழுத்து விமானத் துறையில் மொரீஷியஸைக் குறிக்கும். வங்கித் துறையில் மூரித்தானிய நாணயத்தைக் குறிக்கும்!

ஏன் அங்கே போகவேண்டும் என்பது அடுத்த வினா. அரபுலகில் அந்நாட்டைப் ‘பத்து இலட்சம் கவிஞர்களின் நாடு’ என்று அழைப்பதுண்டு. அங்கே பாலைவனத்தின் நடுவே ஷிங்கெத்தி என்றோர் ஊரில், குடும்பம் குடும்பமாகக் கையெழுத்துச் சுவடிகளைக் காத்து வருகிறார்கள். சுவடி என்ற சொல் காதில் விழுந்தால் தமிழ் படித்தவர் சும்மா இருக்கமாட்டார். எங்களை இழுத்தது அதுதான்.

இனி ஏற்பாடுகள். நாங்கள் சென்றபோது விமான நிலையத்திலேயே விசா தந்தார்கள். 2025 ஜனவரி முதல் அம்முறை மாறிவிட்டது. புறப்படுமுன் இணையம் வழியாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றாக வேண்டும். தலைநகர் நுவாக்‌ஷோத்தில் இந்தியத் தூதரகம் 2021இல் திறக்கப்பட்டது. அதன் முகவரியைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். நம் குடியரசுத் தலைவர் 2024 அக்டோபரில் அந்நாட்டுக்குச் சென்றபின், பெயரளவிலேனும் அது நம் செய்தித்தாள்களுக்கு அறிமுகமாகியிருக்கிறது.

பலர் மறப்பது மஞ்சள்காய்ச்சல் தடுப்பூசி. அங்கே போவதற்கு என்பதைவிட, இங்கே திரும்புவதற்கு அது இன்றியமையாதது. அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருவோரை இந்திய அரசு ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கும். மூரித்தானியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது வாழ்நாள் முழுமைக்கும் ஏற்கப்படுகிறது.

பணத்தை யூரோவாகக் கையில் கொண்டுசெல்லுங்கள். வங்கி அட்டையை நம்பி உள்நாட்டுக்குச் செல்வது அறிவுடைமை அன்று. அந்நாட்டு நாணயம் உகியா. ஓர் உகியாவுக்கு ஐந்து கும்ஸ். பதின்மக் கணக்கில் அடங்காத நாணயம் இன்று உலகில் மிக அரிது. 2018இல் பழைய பத்து உகியாவைப் புதிய ஒன்றாக்கினார்கள். ஆயினும் கடைத்தெருவில் பழைய கணக்கிலேயே விலை சொல்லும் வழக்கம் போகவில்லை. நம் பாட்டிமார் நயாபைசா வந்தபின்னும் அணாவில் கணக்குப் பார்த்ததுபோல என்று கொள்ளுங்கள். விலை கேட்டவுடன் “பழையதா, புதியதா?” என்று கேட்டுவிட்டால் வீண் பூசல் இல்லை.

அடுத்தது ‘ஃபிஷ்’ எனப்படும் தாள். ஊர் எல்லைதோறும் காவல் சாவடி உண்டு. உங்கள் பெயர், பிறந்த நாள், கடவுச்சீட்டு எண், விசா எண், தொழில், எங்கிருந்து எங்கே செல்கிறீர்கள் என்பனவற்றைப் பிரெஞ்சு மொழியில் ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டின் படியுடன் முப்பது நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சாவடிக்கு ஒன்று கொடுத்தால் வண்டி உடனே புறப்படும். இல்லையேல் காவலர் ஒவ்வொன்றையும் கேட்டுக் கையால் எழுதுவார், உடன் வருவோர் அனைவரும் உங்களுக்காகக் காத்திருப்பர். இதைத் தொல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கு சென்றோம் என்பதை ஒவ்வொரு சாவடியும் அறிந்திருப்பது, வழிப்போக்கரான இரு பெண்களுக்கு ஒரு துணையாகவே இருந்தது. தொழில் என்னும் இடத்தில் ‘ஆசிரியர்’ என்று எழுதியிருந்தேன். அதைக் கண்டதும் இருக்கை விட்டு எழுந்த காவலர்கள் இருவர்.

வண்டி புறப்படும் இடத்தைக் ‘கராஜ்’ என்பார்கள். பழுது பார்க்கும் கொட்டகை என்று எண்ணிவிடாதீர்கள். அத்தார் செல்லும் வண்டிக்கு ஓரிடம், நுவாதிபு செல்வதற்கு வேறோரிடம். நேர அட்டவணை கிடையாது. ஆள் நிறைந்தால் புறப்படும். பின்னிருக்கையில் நால்வர் நெருக்கி உட்காரவேண்டும். இரண்டு இடத்துக்குப் பணம் கொடுத்து ஒருவர் அமர்வது அங்கே இயல்பான வழக்கம். பெண்களுக்கு நான் அதையே சொல்வேன். தலைநகரிலிருந்து அத்தாருக்கு 430 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து ஷிங்கெத்திக்கு மலை ஏறி ஏறத்தாழ 80 கிலோமீட்டர்.

இரும்புத்தாது ஏற்றிவரும் தொடர்வண்டியைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். சுவெராத்திலிருந்து கடற்கரை வரை 704 கிலோமீட்டர். வண்டியின் நீளமே இரண்டரை கிலோமீட்டர் வரை போகும். தாதுக் குவியலின்மேல் ஏறிச் செல்வதைச் சாகசம் என எழுதுகிறார்கள். இரவுக் குளிரும் இரும்புத்தூளும் விழுந்தால் கேட்பாரற்ற பாலையும்! சூம் என்னும் இடத்தில் நின்று பார்த்தாலே போதும்.

உணவில்தான் நமக்குச் சோதனை. சோறும் மீனும், இறைச்சியிட்ட குஸ்குஸும், ஒட்டகப்பாலும் அவர்கள் உணவு. மரக்கறி உண்போர் பருப்புப்பொடியும் அவலும் கொண்டுசெல்வது நல்லது. பேரீச்சம்பழமும் ரொட்டியும் எங்கும் கிடைக்கும். ஒரே தட்டைச் சூழ்ந்து வலக்கையால் உண்கிறார்கள். கையால் உண்பது நமக்குப் பழக்கம்தான். ஆயினும் எச்சில் என்னும் எண்ணம் நம்மை உள்ளிருந்து தடுக்கும். தம்தம் முன்னுள்ள பகுதியைத் தாண்டிக் கை நீட்டாமல் உண்ணும் அவர்கள் ஒழுங்கைப் பார்த்தபின், எங்கள் தயக்கம் இரண்டு நாளில் நீங்கியது. தேநீர் மூன்று சுற்று. புதினாவும் சர்க்கரையும் இட்டு, நுரை எழும்வரை குவளை மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். மூன்றாம் சுற்றுக்கு முன் எழுவது மரியாதை அன்று. எனவே எந்த வேலைக்கும் ஒரு மணி நேரம் கூட்டியே கணக்கிடுங்கள்.

பெண்கள் செல்லலாமா? செல்லலாம். அந்நாட்டுப் பெண்கள் உடுத்தும் மெல்ஹஃபா, தைக்காத நீண்ட ஒற்றைத் துணி. தலையும் மூடுமாறு சுற்றிக்கொள்வது. சேலை கட்டத் தெரிந்தவருக்கு அது ஒரு நாள் பாடம். அங்காடிப் பெண்கள் எனக்குச் சுற்றிவிட்டு, என் சேலையை விரித்து முழம் போட்டுப் பார்த்தார்கள். ஆடவர் பலர் பெண்களுக்குக் கை கொடுப்பதில்லை. நாமும் நீட்ட வேண்டா. எனக்குக் கணவர், பிள்ளைகள் உண்டா என்று எல்லாரும் கேட்டார்கள். உடன் வந்த தோழி மணவிலக்குப் பெற்றவர். அதைச் சொன்னபோது ஒருவர் முகமும் சுருங்கவில்லை. மூரியப் பெண்களிடையே மணவிலக்கு இழுக்கு அன்று. பிறந்த வீட்டார் அவளைக் கொண்டாட்டத்துடன் வரவேற்பதும் உண்டு. இங்கே எத்தனை ஆண்டாகத் தான் சுமந்த கூச்சம் அது என்று தோழி அன்றிரவு சொன்னார்.

ஷிங்கெத்திக்கு வருகிறேன். பழைய ஊரின் தெருக்களில் மணல் ஏறிக் கிடக்கிறது. கல் பள்ளிவாசலின் கோபுர உச்சியில் தீக்கோழி முட்டைகள். மக்காவுக்குச் செல்லும் பயணிகள் ஒருகாலத்தில் இங்கே கூடிச் சென்றனர். அறிஞர்கள் திரும்பும்போது நூல்களோடு வந்தனர். இவ்வூரையும் வதான், திஷித், வலாத்தா ஆகிய மூன்றையும் யுனெஸ்கோ 1996இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அல் ஹபோத் நூலகம் போன்றவை இன்றும் குடும்பங்களின் பொறுப்பில் உள்ளன. திருமறை, சட்டம், வானியல், கணிதம், இலக்கணம், கவிதை எனப் பலதுறை நூல்கள். நம் ஓலைக்குக் கரையான் பகை. அவர்கள் தாளுக்குக் கரையானோடு மணலும் வறட்சியும். பார்ப்பதற்கு ஒரு கட்டணம் கேட்பார்கள். பேரம் பேசாதீர்கள். 2007 டிசம்பரில் பிரெஞ்சுப் பயணிகள் நால்வர் கொல்லப்பட்டதும், அதையடுத்து 2008இல் தக்கார் கார்ப்பந்தயம் கைவிடப்பட்டதும், அப்பகுதிக்கு வருவோர் தொகையைப் பல ஆண்டு குன்றச் செய்தன. வருவோர் குறைந்தால் நூலகக் கூரைக்கு மண் பூசும் பணமும் குறையும். நீங்களே ஏட்டைப் புரட்டாதீர்கள். காப்பவர் புரட்டிக் காட்டுவார். ஒளிப்படம் எடுக்கும்முன் கேளுங்கள். சாவடியையும் படைவீரரையும் எடுக்கவே கூடாது.

மஹாத்ரா எனப்படும் பாலைப் பள்ளிகளையும் வாய்ப்பிருப்பின் காணுங்கள். மரப்பலகையில் மையால் எழுதி, மனனம் ஆனபின் கழுவி, மீண்டும் எழுதுகிறார்கள். இந்தக் கல்வி முறையை 2023இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் ஏற்றது.

இவ்விருந்தோம்பலின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அங்கே அடிமைமுறை 1981இல்தான் ஒழிக்கப்பட்டது, உலகிலேயே கடைசியாக. அதைக் குற்றமாக்கும் சட்டம் 2007இல் வந்தது; 2015இல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. எனினும் வழக்கம் முற்றும் மறையவில்லை என மனித உரிமை அமைப்புகள் கூறிவருகின்றன. அடிமைகளாய் இருந்தோரின் வழித்தோன்றல்களான ஹராத்தீன் மக்களே கடினமான வேலைகளில் பெரிதும் உழல்கின்றனர். நாங்கள் தங்கிய ஒரு வீட்டில் தேநீர் ஊற்றிய பெண் எங்களோடு உட்காரவேயில்லை. அவள் யார் என்று கேட்டோம், விடை கிடைக்கவில்லை. இரட்டைக் குவளை வைத்த ஊர்களிலிருந்து செல்லும் நாம் அவர்கள்மேல் விரல் நீட்டுவது எளிதன்று. ஆனால் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சமைப்பவர், நீர் கொண்டுவருபவர், ஒட்டகம் நடத்துபவர் ஆகியோருக்குத் தரும் பணத்தை வீட்டுத் தலைவரிடம் சேர்த்துக் கொடுக்காமல் அவரவர் கையிலேயே கொடுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது அந்த வீட்டுத் தலைவர் முகம் கடுத்தது. அடுத்த வேளை தேநீர் இரண்டு சுற்றோடு நின்றது.

மாலி எல்லையை ஒட்டிய கிழக்குப் பகுதிக்குச் செல்லாதீர்கள். மேற்கு சகாரா எல்லையோரம் கண்ணிவெடிகள் உள்ளன. தடம் பதிந்த வழியை விட்டு ஓரடியும் விலகக் கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்லத்தக்க காலம். பகலில் வெயில் இதமாக இருந்தாலும் இரவில் கம்பளி வேண்டும். முகம் மறைக்க ஒரு நீளத் துணியும் வேண்டும். கோடையில் வெப்பம் 45 பாகையைத் தொடும். ஆயினும் பேரீச்சை அறுவடையாகும் கெத்னா விழா ஜூலை, ஆகஸ்டில்தான் நடக்கிறது. பாட்டும் கவிதையும் அப்போதே மிகுதி என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து தோழி கோடை விடுப்பைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்.

பிரெஞ்சில் நிரப்பிய அந்தத் தாளின் மாதிரி ஒன்றை வட்டத்தின் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டுவோர் படி எடுத்துக்கொள்ளலாம்.