பள்ளி நூலகத்திற்கு நூல் தெரிவு செய்தல்: நம் பொறுப்பு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளி நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நம் பள்ளி நூலகத்திற்குப் புதிய நூல்கள் வாங்குவதற்கெனச் சென்ற பொதுக்குழு ஒரு தொகையை ஒதுக்கித் தந்தது. அதன் வரவு செலவுக் கணக்கு இம்மலரின் வேறு பக்கத்தில் முறையாக அச்சாகியுள்ளது. எனவே எவ்வளவு செலவிட்டோம் என்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. எதை வாங்கினோம், எதை வாங்காமல் விட்டோம், ஏன் என்பதையே உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். ஒரு நூலைப் பற்றி எங்களுக்குள் எழுந்த கருத்து வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்ல இருக்கின்றோம்.

பூட்டிய அலமாரிகள்

குழு அமைந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, நூலக அறையிலிருந்த இரும்பு அலமாரிகளைத் திறந்து பார்த்ததுதான். சாவி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே ஒரு முற்பகல் கழிந்தது. உள்ளே நூல்களுக்குக் குறைவில்லை. பழைய போட்டித் தேர்வு வழிகாட்டிகள், பல ஆண்டுகளுக்கு முந்தைய பொது அறிவுத் தொகுப்புகள், வீடு மாற்றியபோது நல்லெண்ணத்தோடு அன்பளிப்பாக வந்த தடித்த நூல்கள் எனத் தட்டுகள் நிறைந்திருந்தன. ஆயின் ஒன்பது வயதுப் பிள்ளை ஆசையோடு கையில் எடுக்கத்தக்க நூல்களோ ஒரு தட்டைக்கூட நிரப்பவில்லை.

நூல் வழங்கும் பதிவேட்டைப் புரட்டினோம். அதே சில நூல்களே திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்தன. அந்நூல்களை எடுத்துப் பார்த்தபோது அட்டை கிழிந்து, முதல் பக்கங்கள் உதிர்ந்து கிடந்தன. அழுக்குப் படாத நூல் யாரும் படிக்காத நூல். கிழிந்த நூலே பிள்ளைகள் நேசித்த நூல். எந்த நிபுணரைக் கேட்பதற்கும் முன்னதாக அப்பதிவேடும் அக்கிழிசல்களும் எங்களுக்குப் பாடம் கற்பித்தன.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, இந்திய நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். அரங்கநாதன், 1931-இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தளித்தார். நூல்கள் பயன்பாட்டிற்கே உரியவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பன அடுத்த இரண்டு. வாசகரின் நேரத்தைப் பேணுதல் நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ஐந்தாவது. முற்காலத்தில் மேலைநாட்டு நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை அவர் தம் நூலில் எடுத்துக்காட்டுகின்றார். நம் அலமாரியின் பூட்டும் அச்சங்கிலிக்கு உறவுமுறைதான்.

கழிவு விலையா, பிள்ளையின் வயதா?

முன்பெல்லாம் நூல் வாங்கும் முறை எப்படி இருந்தது? புத்தகக் காட்சிக்குச் செல்வோர் எங்கே கூடுதல் கழிவு கிடைக்கிறதோ அங்கே ஒரு கட்டு வாங்கி வருவர். அவர்தம் உழைப்பை நாங்கள் குறைகூறவில்லை. எனினும் கட்டாக வாங்கும்போது நூலைப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையையே பார்க்கின்றோம். ஆகவே இம்முறை, குழுவில் ஒருவரேனும் முழுமையாகப் படிக்காத எந்த நூலையும் வாங்குவதில்லை என முடிவு செய்தோம். படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொண்டோம்.

முதற்கேள்வி: இது யாருக்கு? தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை தனது வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பிரித்துள்ளது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் பெரிய எழுத்தும், பக்கத்திற்கு ஓரிரு வரியும், கதையைத் தானே சொல்லும் படமும் வேண்டும். சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு அதே நூலைக் கொடுத்தால் சலிப்பே மிஞ்சும். வகுப்பு எண்ணை மட்டும் பார்த்து நூலைத் தருவதும் தவறு. ஏழாம் வகுப்பில் இருந்தும் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் உண்டு. சின்னஞ்சிறார் நூல் என்று அட்டையில் பெரிதாக எழுதியிருந்தால் அப்பிள்ளை வெட்கத்தால் அதைத் தொடாது. அத்தகையோருக்கு எளிய நடையில், ஆனால் வயதுக்கேற்ற கதையுடைய நூல்களைத் தனியே தேடினோம்.

இரண்டாம் கேள்வி: மொழி எப்படி? நூலின் நடுவே ஒரு பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்துப் பார்த்தோம். நாக்கு இடறினால் பிள்ளையின் மனமும் இடறும். மொழிபெயர்ப்பு நூல்களுக்கு இச்சோதனை மிகவும் உதவிற்று.

மூன்றாம் கேள்வி: செய்தி சரியானதா? நம் அலமாரியிலிருந்த ஒரு கலைக்களஞ்சியம் சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்றது. புளூட்டோ 2006-ஆம் ஆண்டிலேயே கோள்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஒரு நிலப்படத் தொகுப்பில், 2014-இல் உருவான தெலங்கானா மாநிலமே இல்லை. தமிழகத்தின் மாவட்டங்கள் 2020 முதல் முப்பத்தெட்டு. நம்மிடம் இருந்த நூலோ பழைய எண்ணிக்கையையே சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளை நூலை நம்புகிறது. எனவே இத்தகையவற்றைத் தயக்கமின்றி நீக்கினோம். அன்பளித்த பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

நான்காம் கேள்வி: இதில் நம் பிள்ளை இருக்கிறதா? பிறரும் இருக்கின்றார்களா? இதைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

கண்ணாடியும் சாளரமும்

அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப், 1990-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், குழந்தை நூல்களைக் கண்ணாடிக்கும் சாளரத்திற்கும் ஒப்பிட்டார். தன்னைக் காண்பதற்குக் கண்ணாடி. பிறரைக் காண்பதற்குச் சாளரம். தம் நாட்டின் கறுப்பினக் குழந்தைகள் நூல்களில் தம்மைக் காண முடியாமல் இருந்ததை எண்ணியே அவர் அவ்வாறு எழுதினார். அது நமக்கும் பொருந்தும். நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்க் கதைகளில் வாப்பா என்று அழைக்கும் மகன் எத்தனை பேர்? உம்மம்மாவின் மடியில் கதை கேட்கும் பேத்தி எத்தனை பேர்? இருப்பினும் பல இடங்களில் பண்டிகை நாளில் பிரியாணி கொண்டுவரும் அண்டை வீட்டார் என்ற அளவோடு நின்றுவிடுகின்றனர்.

எனவே தேடிச் சேர்த்தோம். கேள்வி கேட்கும் ஆர்வத்திற்காகவே வகுப்பறையில் தண்டிக்கப்பட்ட ஒரு மாணவியின் கதையான இரா. நடராசனின் 'ஆயிஷா'வை வாங்கினோம். அதை நம் பிள்ளைகளுக்கு முன்னர் நம் ஆசிரியர்கள் படித்தல் நலம். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு வைக்கம் முகம்மது பஷீரின் கதைகளைக் குளச்சல் மு. யூசுப்பின் தமிழாக்கத்தில் வாங்கினோம். குமரி மாவட்டக் கடற்கரை மக்களின் வாழ்வை எழுதிய தோப்பில் முஹம்மது மீரானின் நூல்களும் அத்தட்டில் உள்ளன. 'சாய்வு நாற்காலி'க்காக 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் அவர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கண்ணாடி மட்டும் போதுமா? தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை உலகைக் காண்பதெப்போது? ஆகவே சாளரங்களையும் திறந்து வைத்தோம். கிர்கிஸ்தான் சிற்றூர் ஒன்றில், தாமே அதிகம் கல்லாத ஓர் இளைஞர் குதிரைக் கொட்டிலைப் பள்ளிக்கூடமாக்கிய கதையான சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' வந்திருக்கிறது. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ-சான்' வந்திருக்கிறது. அதில் இரயில் பெட்டிகளே வகுப்பறைகள். ஒரு நாள் இன்னொரு பெட்டி வந்து சேர்கிறது; அது நூலகமாகிறது. எந்த வகுப்புப் பிள்ளையும் எந்த நூலையும் எடுக்கலாம், வீட்டிற்கும் கொண்டு செல்லலாம் என்று அத்தலைமையாசிரியர் அனுமதிக்கின்றார். நம் பள்ளிக்கு இரயில் பெட்டி வேண்டியதில்லை. அந்த மனம் வந்தால் போதும்.

சாகித்திய அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்திற்கெனத் தனி விருது வழங்கி வருகின்றது. தமிழில் அவ்விருதை முதலில் பெற்றது மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. 2023-இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2024-இல் யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' ஆகியவை பெற்றன. தமிழில் சிறார் நூல் இல்லை என்று இனியும் கூறுவது நம் தேடலின் குறையே அன்றி எழுத்தாளரின் குறையன்று.

கருத்து வேறுபாடு எழுந்த நூல்

இனி, சொல்வதாக வாக்களித்த செய்திக்கு வருகின்றோம். யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ஆம் ஆண்டுக்கான அதே விருதைப் பெற்றது. சிறுமியர் மீது நிகழும் பாலியல் அத்துமீறலைப் பற்றி, பிள்ளைகளே படித்துணரும் வகையில் எழுதப்பட்ட கதை அது. பட்டியலில் அதன் பெயரைக் கண்டதும் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், "நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? தெரியாததைத் தெரிவித்துவிடும்" என்றார். அவருடைய கவலை பொய்யன்று. நாங்களும் தயங்கினோம். இருவர் அந்நூல் வேண்டாம் என்றே வாக்களித்தனர்.

ஒரு முடிவும் எடுக்காமல், அந்நூலை முழுவதும் படித்த பின்பே பேசுவது என்று ஒத்திவைத்தோம். அடுத்த அமர்வுக்குத் தாய்மார்கள் சிலரையும் ஆசிரியைகளையும் அழைத்தோம். அவர்களுள் ஒரு தாய் எழுந்து, "எங்கள் உம்மா எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. நாங்களும் எங்கள் மகளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருக்கின்றோம். ஒரு கதை சொல்லித் தருமென்றால் அதை ஏன் தடுக்க வேண்டும்?" என்று கேட்டார். அவையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. உதவிக்கு அழைக்க 1098 என்ற எண் இருக்கிறது. சட்டமும் எண்ணும் இருந்தென்ன? நிகழ்ந்ததைச் சொல்வதற்குச் சொற்கள் இல்லாத பிள்ளை யாரிடம், எப்படிச் சொல்லும்? அறியாமை பிள்ளையைக் காப்பதில்லை. தீங்கு செய்பவனையே காக்கின்றது. இவ்வாறு எண்ணி, அந்நூலை வாங்குவதென்று பெரும்பான்மையோர் முடிவு செய்தோம். மூத்த உறுப்பினர் ஒரு நிபந்தனை வைத்தார்: முதலில் தாய்மார்களுக்கும் ஆசிரியைகளுக்கும் படிக்கத் தர வேண்டும், அதன் பின்பே பிள்ளைகளின் தட்டுக்குச் செல்ல வேண்டும். நல்ல யோசனை என்று ஏற்றோம். அவருக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை என்பதையும் அவர் அனுமதியோடு இங்கே பதிவு செய்கின்றோம்.

இதிலிருந்து ஒரு விதியும் பிறந்தது. எந்த நூலைப் பற்றியும் எவரும் முறையிடலாம். அம்முறையீடு எழுத்தில் வர வேண்டும். முறையிடுபவர் நூலை முழுவதும் படித்திருக்க வேண்டும். குழுவும் முழுவதும் படித்து, காரணத்தோடு விடையளிக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் காட்டி ஒரு நூலை நீக்குவதில்லை. நாங்களும் சில நூல்களை மறுத்தோம். நிறத்தையும் உடற்குறையையும் கேலி செய்பவை, எந்தச் சமயத்தாரையும் இழித்துரைப்பவை, கதையே இல்லாமல் அறிவுரையை மட்டும் அடுக்குபவை ஆகியன அவை. இறுதி வகையில் நாங்களே பலவற்றை முதற்பட்டியலில் சேர்த்திருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். மாதிரிக்குத் தந்தபோது, பிள்ளைகள் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டனர்.

பிள்ளைகளையும் கேட்போம்

அதன் பின்பே வகுப்புக்கு இருவரைக் கடைக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கினோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "பேய்க்கதை வாங்கலாமா?" என்று அஞ்சி அஞ்சிக் கேட்டாள். வாங்கினோம். அது அலமாரியில் இரண்டு நாள் தங்குவதில்லை. பேய்க்கதைக்காக வந்த பிள்ளை, பக்கத்துத் தட்டையும் பார்க்கத்தான் செய்கிறது.

பதின்மூன்று முதல் பதினேழு வயதினரே நம் பெருங்கவலை. படக்கதையைத் தாண்டிவிட்டனர், பெரியோர் நூலுக்கு இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் தேர்வு வழிகாட்டிகள் புகுந்துகொள்கின்றன. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நூலகப் பாடவேளையையே கணிதத்திற்கு எடுத்துக்கொள்கின்றோம். மாணவியர்க்கோ பள்ளியை விட்டால் பொது நூலகம் செல்லும் வாய்ப்பும் அரிது. அவர்களுக்கு இவ்வறைதான் ஒரே நூலகம்.

எங்கள் வேண்டுகோள்

அலமாரிகளின் கதவுகளைக் கழற்றித் திறந்த தட்டுகளாக்க அனுமதி தாருங்கள். நூல்கள் வீட்டிற்குச் செல்லட்டும். சில தொலையும், சில கிழியும். அதைக் குற்றமாக எண்ணாமல் ஆண்டுச் செலவாகக் கணக்கில் எழுதுங்கள். மேல்வகுப்புகளுக்கும் வாரம் ஒரு நூலகப் பாடவேளை கட்டாயம் வேண்டும். அயல்நாட்டில் பணிபுரியும் சகோதரர்கள் பழைய நூல்களை அனுப்புவதைவிட, நாங்கள் தரும் பட்டியலிலிருந்து ஒரு நூலை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒரு சிறார் நூலைப் படித்து, இரண்டு வரிக் கருத்தெழுதித் தாருங்கள்.

இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் வளர்ந்த ஒரு சிறுவருக்கு, எஸ். டி. ஆர். மாணிக்கம் என்னும் பெரியவர் தம் வீட்டு நூல்களை இரவல் தந்து, படிக்கத் தூண்டினார். புத்தகம் அரிதாயிருந்த காலம் அது. அச்சிறுவரே பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுகள்' நூலில் இதை நன்றியோடு நினைவுகூர்கின்றார். அந்தப் பெரியவர் செய்தது ஒன்றே: தம் அலமாரியைப் பூட்டவில்லை.

நம் அலமாரியின் சாவி இப்போது இந்தப் பொதுக்குழுவின் கையில் இருக்கிறது. நல்ல முடிவெடுப்பீர்கள் என நம்பி அமைகின்றோம்.