முன்னே நிற்கும் சொல்



கடன் வாங்கிய ஒரு பெண். அவர் கையில் ஓர் ஆங்கிலத் தாள். கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

அதில் 'ஷி பெய்ட்' என்று இருந்தால், 'அவர் பணம் கட்டினார்' என்று பொருள்.

'ஷி ஆல்வேஸ் பெய்ட்' என்றால், 'எப்போதும் கட்டினார்'.

'ஷி நெவர் பெய்ட்' என்றால், 'ஒருபோதும் கட்டவில்லை'!

தமிழில் 'கட்டினார்' என்பது 'கட்டவில்லை' என மாறுகிறது. ஆங்கிலத்தில் 'பெய்ட்' மாறவில்லை. முன்னே வந்த 'நெவர்' பொருளையே புரட்டிவிட்டது.

ஆனால், 'நேற்று' எனும் 'யெஸ்டர்டே' பெரும்பாலும் கடைசியில் வரும்: 'ஷி பெய்ட் யெஸ்டர்டே'.

ஆகவே, 'பெய்ட்' என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்கு முன்னே நிற்கும் சொல்லையும் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை!